கவுல்: வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு வாக்கின் வரலாறு



அரபு மொழியில் 'கவ்ல்' என்றால் சொல், பேச்சு என்று பொருள். மத்ரஸாவில் முதலாண்டு இலக்கணம் ஓதும் மாணவனுக்கும் இச்சொல் தெரியும். இதே சொல் பாரசீக மொழியில் நடந்த அரசு அலுவல்களின் வழியாகத் தமிழகத்துக்கு வந்து 'கவுல்' என்று ஆயிற்று. இங்கே அதன் பொருள் சற்றுக் குறுகியது; ஆனால் கனம் கூடியது. அதிகாரத்தில் இருப்பவர் குடிமக்களுக்கு எழுத்தில் அளிக்கும் உறுதிமொழியே கவுல் எனப்பட்டது. குத்தகைச் சீட்டும் கவுல்தான். உனக்குத் தீங்கு நேராது என்று எழுதித் தரும் பாதுகாப்புச் சீட்டும் கவுல்தான்.

மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிக் கொடுத்த கவுல்கள் பல்லாயிரம். அவற்றுள் பெரும்பாலானவை மறக்கப்பட்டுவிட்டன. பறவைகளின் பொருட்டு எழுதப்பட்ட ஒரு கவுல் மட்டும் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் பேசப்படுகிறது. செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரிக்கு வாய்த்த கவுல் அது. அதன் வரலாற்றையும், அந்த ஏரிக்கரையில் நம் மத்ரஸா மாணவர்கள் நடந்தபோது எழுந்த ஒரு கேள்வியையும் இக்கட்டுரையில் எழுத விழைகிறோம்.

ஜாகீர் சீமையின் ஏரிகள்

வேடந்தாங்கல் என்ற பெயரை வேடன், தாங்கல் என்று பிரிப்பர். தாங்கல் என்பது தொண்டை நாட்டு வழக்கில் சிறிய பாசன ஏரி. அப்பகுதியில் இத்தகைய ஏரிகளும் தாங்கல்களும் ஏராளம். பேராறு எதுவும் ஆண்டு முழுவதும் ஓடாத மண் அது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்தால்தான் அங்கே நெல் விளையும். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஏரிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன.

1763-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா இந்தச் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அதனால் 'ஜாகீர்' என்பதே அப்பகுதியின் பெயராக வழங்கலாயிற்று. 1780-இல் ஹைதர் அலீயின் படையெடுப்பில் தொடங்கிய போரில் இச்சீமை பெரும் அழிவைக் கண்டது. ஊர்கள் காலியாயின, ஏரிக்கரைகள் உடைந்து கிடந்தன. நவாபின் பெயரிலும் கம்பெனியின் பெயரிலும் வரி கேட்டவர்கள் பலர்; ஏரியைச் செப்பனிட்டவர்கள் சிலரே.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலோடு இணைத்துச் சொல்லப்படும் பிளேஸ் துரை இவரே. கடுமையாக வரி வசூலித்தவர் என்ற பெயரும், உடைந்த ஏரிகளைப் பழுது பார்த்தவர் என்ற பெயரும் அவருக்கு ஒருசேர உண்டு. ஏரி நிரம்பினால்தான் விளைச்சல் வரும்; விளைச்சல் வந்தால்தான் வரி வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அக்காலத்து அலுவலகங்களின் மொழியையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஜில்லா, தாலுகா, தாசில்தார், வசூல், கிஸ்தி, இனாம், ஜமாபந்தி, பசலி ஆகிய சொற்கள் எல்லாம் அரபு, பாரசீக வேர்களிலிருந்து வந்தவை. ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போன பின்னரும் சொற்கள் மாறவில்லை. இன்றும் நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் பசலி ஆண்டுக் கணக்கில்தான் ஜமாபந்தி நடைபெறுகிறது. ஆகவே, வேடந்தாங்கல் உழவர்கள் தங்கள் ஏரிக்காக ஆட்சியரை அணுகியபோது அவர்கள் பெற்ற ஆவணத்துக்குக் கவுல் என்ற பெயர் அமைந்ததில் வியப்பில்லை.

கவுல் பிறந்த கதை

வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. அதன் நடுவே நீரில் நின்று வளரும் கடப்ப மரங்கள் தோப்பாக உள்ளன. மழை பெய்து ஏரி நிரம்பியதும் கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா முதலியவை அம்மரங்களுக்கு வந்து கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் சூழ்ந்திருப்பதால் பூனையோ நரியோ கூட்டை நெருங்க இயலாது. குஞ்சுகள் பறக்கத் தெரிந்து, கோடையில் நீர் வற்றும் வேளையில் பறவைகள் போய்விடுகின்றன.

இப்பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. தனியே எரு இடாமலேயே பயிர் செழிப்பதை அவ்வூர் உழவர்கள் கண்டுகொண்டார்கள். பறவை வந்தால் விளைச்சல். பறவை வராவிட்டால் வெறும் நீர். இந்த உண்மை அவர்களுக்கு எந்த நூலும் சொல்லித் தந்ததன்று. வயலில் நின்று தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலக்கிழார்களும் பின்னர் ஆங்கிலப் படைவீரர்களும் அங்கே வேட்டைக்கு வந்தார்கள். கூடுகளில் குஞ்சுகள் இருக்கும்போதே துப்பாக்கிகள் வெடித்தன. ஊரார் கூடிப் பேசினர். ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். தங்கள் ஏரியில் எவரும் பறவைகளைச் சுடலாகாது என்ற எழுத்துமூலமான உறுதியை, 1790-களின் பிற்பகுதியில், லயனல் பிளேஸிடமிருந்து பெற்றனர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. 1858-இல் செங்கற்பட்டு ஆட்சியரின் ஆணை அப்பாதுகாப்பை மீண்டும் உறுதி செய்தது. 1936-இல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அங்கீகரித்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் அதன் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

இவ்வாண்டுகளின் வரிசையைப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகும். அரசும் சட்டமும் பின்னால் வந்தவை. முதலில் வந்தது ஓர் ஊரின் ஒருமித்த வேண்டுகோள். படிப்பறிவு குறைந்த உழவர்கள், துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு எதிராக, வாயில்லா உயிர்களின் சார்பில் வாக்குக் கேட்டுப் பெற்றார்கள்.

கரையில் நடந்த ஒரு காலை

சென்ற ஜனவரி மாதத்தில் ஒருநாள் நம் மத்ரஸாவின் மாணவர்கள் 18 பேரும், ஆசிரியர்கள் மூவரும், மஹல்லாவின் பெரியவர்கள் சிலரும் சேர்ந்து வேடந்தாங்கல் சென்றோம். வழியில் ஒரு பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுதோம்; வெயில் ஏறும் முன் ஏரிக்கரையை அடைந்தோம். பார்வையாளர்கள் நடப்பதற்கென்று விடப்பட்ட கரைப்பாதையில் இருவர் இருவராக நடக்கச் சொன்னோம். உரக்கப் பேசலாகாது, கல்லெடுத்தல் அறவே கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

முதலில் கண்ணுக்குப் பட்டது நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அலகு பழுதுபட்டதோ என்று சிறுவர்கள் ஐயுற்றனர். நத்தையைப் பற்றி ஓட்டிலிருந்து சதையை எடுத்து உண்பதற்கு வாய்ப்பாக அமைந்த அலகு அது என்று விளக்கினோம். வயலில் பயிரைத் தின்னும் நத்தையை அது தின்பதால் உழவனுக்கும் நன்மை. நீரில் உடலை மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிச் சென்ற பறவையைப் பாம்பென்றே ஒரு மாணவன் எண்ணினான். அதற்குப் பாம்புத்தாரா என்று பெயர். மூழ்கி மீன் பிடித்தபின் அதுவும் நீர்க்காகமும் கிளையில் அமர்ந்து இறகை விரித்துக் காயவைக்கும். சங்குபோல் வெளுத்த உடலும், கரிய வழுக்கைத் தலையும், அரிவாள்போல் வளைந்த மூக்கும் கொண்ட வெள்ளை அரிவாள் மூக்கன்கள் மரத்தின் மேற்பகுதியில் இருந்தன. தட்டையான அலகை நீரில் இருபுறமும் வீசிச் சென்ற கரண்டிவாயனைக் கண்டு சிரிப்பை அடக்க மாணவர்கள் பெரிதும் முயன்றனர். இரவெல்லாம் இரைதேடிய இராக்கொக்குகள் இலைகளிடையே துயின்றன. மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் இருந்து வந்த ஊசிவால் வாத்துகள் நீரின் நடுவே கூட்டமாக மிதந்தன.

ஒரு கூட்டில் தாய் நாரை சிறகை விரித்தபடி அசையாமல் நின்றிருந்தது. ஏறிவரும் வெயில் குஞ்சுகளின் மேல் படாதவாறு அது நிழல் தருகிறது என்று உணர எங்களுக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அதைக் கண்டபின் மாணவர்களிடம் பேச்சு வெகுவாகக் குறைந்தது. எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர், "இதுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க, ஹஜ்ரத்?" என்று மெல்லக் கேட்டார். நாள்தோறும் இரவில் நாம் ஓதும் அல்முல்க் அத்தியாயம், தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று நம்மைக் கேட்கிறது. அந்நஹ்ல் அத்தியாயமும் அதே காட்சியைச் சுட்டுகிறது. அல்அன்ஆம் அத்தியாயமோ பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்கிறது. மனனமாக ஓதிய வசனங்களின் முன்னிலையில் நிற்பதுபோல் அன்று நின்றோம்.

ஒரு மாணவனின் கேள்வி

கரையின் பாதியில், நிழலில் அமர்ந்து கொண்டுவந்த இட்லியை உண்ணும்போது ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், கொக்கு ஹலால்தானே? அப்புறம் ஏன் பிடிக்கக் கூடாது?"

மற்ற மாணவர்கள் அவனைப் பார்த்தனர். அவன் தந்தை மழைக்காலத்தில் கண்ணி வைத்துக் கொக்கும் மடையானும் பிடித்து விற்பவர் என்பது வகுப்பில் அனைவருக்கும் தெரியும். அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. தன் வீட்டு அடுப்பு எரியும் வழியைப் பற்றிக் கேட்டான். அக்கேள்விக்கு நேர்மையான விடை தரப்பட வேண்டும்.

கூரிய நகத்தால் இரையைப் பற்றும் பறவைகள் நமக்கு விலக்கப்பட்டுள்ளன; கொக்கு அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே அதன் இறைச்சி அடிப்படையில் ஆகுமானதே. இதை மறைத்துப் பேசுவது இல்மைக் கற்பிப்பவர்க்கு அழகன்று. ஆனால் ஃபிக்ஹு நூல்களில் வேட்டையைப் பற்றிய பாடம் இத்துடன் முடிந்துவிடுவதில்லை. மான் ஹலால், இஹ்ராம் கட்டியவர் அதை வேட்டையாடினால் குற்றம், பரிகாரமும் கடமை. புறா ஹலால், மக்காவின் ஹரம் எல்லைக்குள் அதைத் தொடக்கூட அஞ்சுகிறோம். மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் வேட்டைப் பிராணியை விரட்டுவதையும் மரத்தை வெட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆக, ஒரு பொருள் தன்னளவில் ஆகுமானதாக இருப்பினும், இடமும் காலமும் ஏற்றுக்கொண்ட கடமையும் அதை நம் கைக்கு எட்டாததாக ஆக்கக்கூடும்.

கூட்டில் குஞ்சு இருக்கும் காலம் அத்தகையது. பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு குஞ்சுகளைத் திருப்பி வைக்கப் பணித்ததையும் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூதில் இடம்பெற்ற அறிவிப்பு இது. தேவையின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்துள்ள அறிவிப்பு நஸாயீயில் உள்ளது. நம் நாட்டிலோ காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாழும் நாட்டின் சட்டத்துக்கு இசைந்து நடப்பதாக நாம் ஏற்றிருப்பதும் ஓர் ஒப்பந்தமே. ஒப்பந்தங்களைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்பது குர்ஆனின் போதனை.

இவ்வாறு விளக்கியதும் அம்மாணவன் சற்று நேரம் சிந்தித்துவிட்டு மற்றொரு கேள்வி கேட்டான்: "இந்த ஊர் ஏரிக்குக் கவுல் இருந்துச்சு. நம்ம ஊர் ஏரிக்கு யார் கவுல் கொடுத்தாங்க, ஹஜ்ரத்?"

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த இரண்டாம் கேள்விதான்.

ஹிமா: காக்கப்பட்ட நிலத்தின் மரபு

நம் மரபில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபு நாட்டில் ஒரு குலத்தலைவன் மேய்ச்சல் நிலத்துக்கு வந்தால், உயரமான ஓர் இடத்தில் நாயைக் குரைக்கச் செய்வானாம். அக்குரைப்பொலி எட்டும் தூரம் வரை அவனுக்குரிய ஹிமா. மற்றவர்களின் மந்தைகள் அதற்குள் வரலாகாது. அவன் மட்டும் வெளியே சென்று எல்லோருடனும் மேய்த்துக்கொள்வான். வலியவனின் தனியுரிமைக்கு அன்று வழங்கிய பெயர் ஹிமா.

ஹிமா அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் மட்டுமே உரியது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது அத்தனியுரிமை ஒழிந்தது. காக்கப்படும் நிலம் இனிப் பொதுநன்மைக்காக மட்டுமே காக்கப்படும் என்ற நெறி பிறந்தது. மதீனாவுக்கு அருகில் அந்நகீஉ என்னும் இடம் முஸ்லிம்களின் குதிரைகளுக்காகக் காக்கப்பட்டது. உமர் (ரலி) அவர்கள் தம் காலத்தில் ஒரு ஹிமாவுக்கு ஹுனய் என்பவரைப் பொறுப்பாளராக நியமித்தபோது கூறிய அறிவுரை புகாரீயில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடுமாறும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகிய செல்வர்களின் மந்தைகளை விலக்குமாறும் அவர்கள் சொன்னார்கள். செல்வரின் கால்நடை அழிந்தால் அவருக்குப் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு ஆட்சியாளரின் வாசலில் வந்து நிற்பான் என்பது அவர்கள் தந்த காரணம்.

வேடந்தாங்கலின் வரலாற்றை இதனுடன் வைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு காலத்தில் பெருநிலக்காரர்களும் துப்பாக்கி வைத்திருந்தோரும் பொழுதுபோக்கிய வேட்டைக்களம். கவுல் வந்தபின் அது ஊர் முழுவதற்கும் பயன்தரும் காப்புநிலம் ஆயிற்று. உமர் (ரலி) அவர்களின் அறிவுரை மற்றொன்றையும் நமக்குக் கற்பிக்கிறது. காப்புநிலத்தின் சுமை ஏழையின் தலையில் மட்டும் விழக்கூடாது. கண்ணி வைத்துப் பிழைப்பவரைத் தடுக்கும் சமுதாயம், அவர் வீட்டு அடுப்பைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

பறவையைப் பார்த்த நம் முன்னோர்

பறவைகளைப் பார்ப்பது வீண்பொழுது என்று நம்மில் சிலர் கருதுகிறார்கள். மத்ரஸாவுக்கு இது தேவையா என்று எங்களிடமும் கேட்டார்கள். நம் அறிவு வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அபூஉமைர் என்ற சிறுவன் வளர்த்த சின்னஞ்சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தி புகழ்பெற்றது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு ஹதீஸிலிருந்து 60 படிப்பினைகளை எடுத்துக்காட்டி ஒரு சிறுநூலே எழுதினார். பஸராவின் அல்ஜாஹிழ், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் 'கிதாபுல் ஹயவான்' என்ற பெருநூலை இயற்றினார். எகிப்தின் கமாலுத்தீன் அத்தமீரீ (ரஹ்) மார்க்க அறிஞர், 1405-இல் மறைந்தவர். அவருடைய 'ஹயாத்துல் ஹயவான்' உயிரினங்களை அகரவரிசையில் தொகுத்து, ஒவ்வொன்றின் பெயர், இயல்பு, அதைப் பற்றிய மார்க்கச் சட்டம் ஆகியவற்றை ஒருங்கே தருகிறது.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தாம் வளர்த்த இரு சாரஸ் கொக்குகளுக்கு லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு, அவை முட்டையிட்டதையும் மாறி மாறி அடைகாத்ததையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்த பறவைகளை இன்றும் அறிஞர்கள் ஆராய்கின்றனர். அதே ஜஹாங்கீர், தம் கையால் வேட்டையாடிய உயிர்கள் 17 ஆயிரத்துக்கும் மேல், அவற்றுள் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பறவைகள் என்றும் கணக்கெடுத்து எழுதிவைத்தார். உற்றுநோக்கும் கண் இருந்தும் கையை அடக்கும் உள்ளம் வாய்க்காவிட்டால் நேர்வது இதுவே. முன்னோரின் பெருமையைப் பேசும்போது இதையும் பேசுவதே நீதி.

நம் காலத்துக்கு அருகில் வந்தால் சாலிம் அலீ. 1896-இல் மும்பையில் ஒரு போஹ்ரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமனிடம் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. வழக்கமான குருவிபோல் இல்லாத இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. மாமனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே வரிசை வரிசையாகப் பாடம்செய்து வைத்திருந்த பறவைகளைக் கண்ட சிறுவனின் வாழ்க்கைப் பாதையே மாறியது. 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல தலைமுறைகளுக்குக் கையேடாக விளங்கியது. 1987-இல் மறையும்வரை பறவைகளோடு வாழ்ந்தார். ஹலாலா என்று கேட்ட ஒரு சிறுவனின் கேள்வியிலிருந்து இந்தியப் பறவையியலின் ஒரு பேரத்தியாயம் தொடங்கியது என்பதை நம் மாணவனிடமும் சொன்னோம். அவன் முகம் மலர்ந்தது.

வாக்கு இன்று

கவுல் எழுதிய ஆட்சியர் இல்லை; அதைக் கேட்டுப் பெற்ற உழவர்களும் இல்லை. வாக்கு மட்டும் நிற்கிறது. ஆயினும் அது தானாக நிற்கவில்லை. 2020-ஆம் ஆண்டில், சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் வட்டத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு அரசின் தரப்பிலிருந்தே எழுந்தது. ஏரி அப்படியே இருக்கும்போது சுற்றியுள்ள நிலம் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். பறவை ஏரியில் கூடு கட்டுகிறது. இரையையோ சுற்றியுள்ள வயல்களிலும் குளங்களிலும் தேடுகிறது. அவை மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறினால், நடுவில் உள்ள மரங்கள் இருந்தும் குஞ்சுக்கு இரையில்லை. அன்று சூழல் ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒவ்வொரு தலைமுறையும் வாக்கை மீண்டும் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

நம் ஊர் ஏரிக்கு யார் கவுல் கொடுத்தார்கள் என்ற மாணவனின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். நாட்டின் சட்டம் ஏற்கெனவே ஒரு கவுல். அது தாளில் உள்ளது. அதை மண்ணில் நிலைநிறுத்துபவர்கள் ஊரார். வேடந்தாங்கலுக்கு வாய்த்தது ஆட்சியரின் தயவு மட்டுமன்று; ஊரார் முதலில் தங்களுக்குள் ஒப்பிக்கொண்ட உறுதி அது. சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஊரார் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் பிள்ளைகளும் பட்டாசுக்கு ஆசைப்படும் பிள்ளைகள்தாம். ஆயினும் ஊர் ஒன்றாக நின்று காக்கிறது.

நம் ஜமாஅத்துகளும் இதைச் செய்ய இயலும். மஹல்லாக் கூட்டத்தில், கூடு கட்டும் காலத்தில் எவரும் கண்ணி வைப்பதில்லை, வாங்குவதுமில்லை என்று முடிவெடுக்கலாம். வாங்குவோர் இல்லையெனில் விற்போரும் இல்லை. ஆகவே முதற்பொறுப்பு சாலையோரம் வண்டியை நிறுத்தி விலைபேசும் வசதியுள்ளோருடையது. கண்ணி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை என்று கணக்கெடுத்து, அவர்கள் வேறு தொழில் தொடங்க பைத்துல்மாலிலிருந்து உதவலாம். பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் வக்ஃபாக உள்ள குளங்களைத் தூர்க்காமல், குப்பை கொட்டாமல் காக்கலாம். அக்குளம் நம் உடைமையன்று. அல்லாஹ்வின் பெயரால் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். நாம் நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்டால் அதுவும் தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, பறவைக்கு நீர் விட்டுவைப்பது வீணாகுமா?

அம்மாணவனின் தந்தை இன்னும் தொழிலை விடவில்லை. அவரை எவரும் பழித்துப் பேச வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். அவருக்கு ஒரு வழி காட்டும் கடமை ஜமாஅத்தின் மீது உள்ளது. அது நிறைவேறும் நாள்வரை அவரிடம் மட்டும் வாக்குக் கேட்பது நீதியாகாது. வருகிற மஹல்லாக் கூட்டத்தில் இதைப் பேசுவதற்குப் பெரியவர்கள் ஒப்பியிருக்கிறார்கள்.

செய்யாததைச் சொல்வது இறைவனிடம் பெரும் வெறுப்புக்குரியது என்று அஸ்ஸஃப் அத்தியாயம் எச்சரிக்கிறது. கவ்ல் என்பது நாவோடு முடியும் ஒலியன்று என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை. சொன்ன சொல்லைக் காப்பவர்களாகவும், நம்மை நம்பி நம் மரங்களில் கூடு கட்டும் உயிர்களுக்கு நிழல் தருபவர்களாகவும் வல்ல இறைவன் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.